கோதுமை ஒவ்வாமை: விலங்காய்வு வரலாறு

கோதுமைப் புரதங்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பகையாகக் கொள்வதால் வருவது கோதுமை ஒவ்வாமை. தோல் தடிப்பு, இளைப்பு, அரிதாக உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் இதனின் வேறானது.

இந்தப் புரதங்களை அல்வா செய்யும் இடத்தில் கண்ணால் காணலாம். தாமிரபரணிப் பாசனப் பகுதி நெல்லுக்குரிய பூமி. அங்கே கோதுமைக்குப் பெயர் வாங்கித் தந்தது திருநெல்வேலி அல்வா. அது வடநாட்டுச் சிங் குடும்பத்தார் வழி வந்தது என்பர்; வேறு கதைகளும் உண்டு. ஊறிய சம்பா கோதுமையை ஆட்டிப் பிழிந்தால் பால் இறங்கிவிடும். ரப்பர்போல் இழுபடும் சக்கை கையில் தங்கும். அதில் பெரும்பகுதி குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம். இத்தாலியரான பெக்காரி மாவைக் கழுவி இதைப் பிரித்த செய்தி 1745இல் அச்சேறியது.

புரதத்தால் விலங்குக்கு அதிர்ச்சி வரும் என்பதைப் பிரான்சில் போர்ட்டியே, ரிஷே இருவரும் 1902இல் நாய்களிடம் கண்டனர். 1911இல் அமெரிக்கரான வெல்ஸும் ஆஸ்பர்னும் தூய்மைப்படுத்திய தாவரப் புரதங்களைக் கினிப்பன்றிகளுக்கு ஊசிவழி செலுத்தினர். முதல் ஊசி தீங்கு செய்யாது. சில வாரம் கழித்துப் போடும் இரண்டாம் ஊசியில் விலங்கு மூச்சுத் திணறும். கோதுமையின் கிளையடின் புரதம் ஏற்றப்பட்டவை ரை தானியத்தின் கிளையடினுக்கும் அவ்வாறே துடித்தன.

தமிழ்நாட்டில் கோதுமையையும் விலங்கையும் சேர்த்து ஆராய்ந்த இடம் குன்னூர். ஆய்வின் நோக்கம் ஒவ்வாமை அன்று, ஊட்டம். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி என்னும் ஊட்டக்குறை நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்களது உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற ‘சீக்கிய’ எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசி உண்ட ‘மதராசி’ எலிகள் கடைசி. மதராசிப் பட்டியலில் காப்பியும் இருந்தது. எலிக்கும் காப்பி தர மறக்காத சிரத்தையைப் பாராட்டத்தான் வேண்டும். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், தேநீர் என்று ஆங்கிலேய ஏழைகளின் உணவைப் பெற்ற எலிகளோ பணியாளர்களைக் கடித்தன. தம்முள் நலிந்தவற்றைக் கொன்று தின்றன. சீக்கிய உணவின் வெற்றிக்குக் கோதுமை காரணமா, பாலும் வெண்ணெயுமா என்பதை இவ்வாய்வு கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. மெக்காரிசனின் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத் சென்றது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் வழி வந்ததே.

1997இல் கலிபோர்னியாவில், கோதுமை ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட நாய்களைக் கொண்டு, தயோரெடாக்சின் புரதம் கோதுமையின் ஒவ்வாமை வீரியத்தைத் தணிக்கும் என்று காட்டப்பட்டது. சுண்டெலிகளிலும் ஆய்வு நடக்கிறது. அது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இந்தியாவில் விலங்காய்வுக்கு 1998ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிக்குழு ஒப்புதல் தேவை.

அல்வாவுக்குப் பிழியும்போது சக்கையை நீக்கினாலும் கோதுமைப்பாலில் புரதம் அறவே நீங்குவதில்லை. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அல்வாவைத் தவிர்க்க வேண்டும்.