வாசிக்க மறுக்கும் நாடாக்கள்: காந்தப் பதிவுகளின் மீட்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றாய்வு சான்றுகளை அடிப்படையாகக் கொண்டது. கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, கடதாசி ஆவணம் என்பனவே நெடுங்காலமாக ஆய்வாளனுக்கு மூலங்களாக அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இவற்றோடு காந்த நாடாவும் ஒரு மூலமாக வந்து சேர்ந்துள்ளது. எனினும் முன்னையவற்றுக்கும் இதற்கும் அடிப்படையானதொரு வேறுபாடு உண்டு. கல்வெட்டுச் சிதைந்தவிடத்தும் சிதைவு எத்துணையது என்பதைக் கண்ணாற் காணலாம். ஓலையிற் செல்லரித்த இடம் எதுவென்பதைச் சுட்டிக் காட்டலாம். நாடாவோ பொறியின் துணையின்றி எதையும் உரைப்பதில்லை. பொறி வாசிக்க மறுக்குமாயின், எழுத்து அழிந்துவிட்டதா, அன்றி எழுத்து இருந்தும் நமக்கு வாசிக்கும் வகை தெரியவில்லையா என்பதே ஐயத்துக்குரியதாகின்றது.

காப்பாக எடுத்து வைக்கப்பட்ட நாடாக்களிலிருந்து தரவுகளை மீட்கும்பொழுது எழும் வாசிப்புப் பிழைகளுக்கு நாடாவின் முதுமையே காரணமென்பது பொதுவான கருத்து. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிழை தோன்றக்கூடிய களங்கள் மூன்று என நாம் கொள்வோம். அவை நாடா, பொறி, பதிவின் அமைப்புப் பற்றிய அறிவு என்பனவாம்.

முதற்கண் பிழையை அறியும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை நோக்குவோம். 1951 இல் ஐக்கிய அமெரிக்காவின் குடித்தொகைக் கணிப்புப் பணியகத்துக்கு வழங்கப்பட்ட யூனிவக் கணனியின் யூனிசேவோ நாடாப் பொறிகள், நிக்கல் பூசிய வெண்கல நாடாவைப் பயன்படுத்தின. அரை அங்குல அகலமுடைய அந்நாடாவில் எட்டுத் தடங்கள் இருந்தன. அவற்றுள் ஆறு தரவுக்கும், ஒன்று காலக் குறிக்கும் உரியன. எஞ்சிய தடம் ஒற்றை இரட்டைச் சரிபார்ப்புக்காக ஒதுக்கப்பட்டது. ஓர் எழுத்துக்குரிய குறிகளின் மொத்தம் எப்பொழுதும் ஒற்றைப்படையாக அமையுமாறு அத்தடத்தில் ஒரு குறி சேர்க்கப்பட்டது. வாசிக்கும்பொழுது மொத்தம் இரட்டைப்படையாக வரின் பிழை நேர்ந்தமை வெளிப்பட்டது. 1952 இல் வெளிவந்த ஐ. பி. எம். நிறுவனத்தின் 726 ஆம் இலக்கப் பொறி, இரும்பு ஒட்சைட்டுப் பூசிய பிளாத்திக்கு நாடாவிற் பதிந்தது. அதிலும் ஆறு தரவுத் தடங்களோடு ஏழாவதாகச் சரிபார்ப்புத் தடம் ஒன்று அமைந்திருந்தது.

இம்முறைகள் கணனி நாடாவின் தொடக்க காலத்திலேயே தோன்றியமை கருதத்தக்கது. நாடா பிழைபடும் என்பதைப் பொறியியலாளர் முதல் நாளிலேயே உணர்ந்திருந்தனர். ஆயினும் ஒற்றை இரட்டைச் சரிபார்ப்புப் பிழை உண்டு என்று மட்டுமே கூறும்; எது பிழை என்று கூறமாட்டாது. ஒரே எழுத்தில் இரு குறிகள் மாறுபடின் அதனையும் உணரமாட்டாது. பிழையின் இடத்தைக் கண்டு திருத்தும் குறிமுறையைப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றிச்சாட் ஹமிங் 1950 இல் வெளியிட்டார். வார இறுதியில் ஆளின்றி இயங்கிய கணிப்பொறி, பிழை கண்டவுடன் தமது கணிப்பைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றமையே அவரை இவ்வாராய்ச்சிக்குத் தூண்டிற்று. பிழையைக் கண்டறிய வல்ல பொறி, அதனைத் திருத்தவும் ஏன் வல்லதாகக் கூடாது என்பது அவர் எழுப்பிய வினா.

இவ்வினாவின் விளைவுகள் நாடாத் துறையிற் படிப்படியாக இடம்பெற்றன. ஐ. பி. எம். 729 ஆம் இலக்கப் பொறியில் எழுதும் இடைவெளியை அடுத்து வாசிக்கும் இடைவெளியும் ஒரே தலையில் அமைக்கப்பட்டது. எழுதியது அக்கணமே சரிபார்க்கப்பட்டது. 1964 இல் அறிமுகமான ஒன்பது தட நாடாவில், ஒவ்வொரு தொகுதியின் ஈற்றிலும் சுழற்சிச் சரிபார்ப்பு எழுத்து ஒன்று சேர்க்கப்பட்டது. ஒரு தடம் மட்டும் பழுதுற்றிருப்பின், அத்தடம் எதுவென்று கண்டு, மீண்டும் வாசிக்கும்பொழுது திருத்திக்கொள்ள அது உதவிற்று. 1973 இல் அங்குலத்துக்கு 6250 எழுத்துக்களைப் பதியும் முறை வந்தபொழுது, இரு தடங்கள் பழுதுற்றவிடத்தும் தரவைத் திருத்திப் பெறல் சாத்தியமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த எல். ரி. ஓ. நாடாக்கள், றீட், சொலமன் ஆகியோர் 1960 இல் வகுத்த குறிமுறையை ஈரடுக்காகப் பயன்படுத்துகின்றன.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. குறிகளின் நெருக்கம் பெருகப் பெருக, ஒரே தூசித் துணிக்கை மறைக்கும் எழுத்துக்களின் தொகையும் பெருகிற்று. மேலும், திருத்தும் முறை திறமையாக இயங்குமிடத்து நாடாவின் நலிவு பயனாளனுக்குப் புலனாவதில்லை. திருத்தப்பட்ட பிழைகளின் தொகை ஆண்டுதோறும் கூடிச் சென்றாலும் தரவு பழுதின்றி வருவதாகவே தோன்றும். திருத்தும் எல்லை கடந்த அன்றே முழுத் தொகுதியும் வாசிக்க இயலாததாகின்றது. எனவே திடீரென எழுந்ததாகக் கருதப்படும் பிழை, நெடுங்காலம் மறைந்து வளர்ந்ததாகவும் இருத்தல் கூடும்.

இனி நாடாவின் இயல்பை நோக்குவோம். காந்தத் துணிக்கைகளை நாடாவின் அடித்தளத்தோடு பிணைப்பது பொலியுரேதேன் போன்றதொரு பல்பகுதியமாகும். 1970களிலும் அதன் பின்னரும் செய்யப்பட்ட சில நாடாக்களில், இப்பிணைபொருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்ப்பகுப்புக்கு உள்ளாயிற்று. அத்தகைய நாடா பொறியிற் பிசுபிசுத்து ஒட்டும். அதன் பூச்சு உரிந்து வாசிப்புத் தலையிற் படியும். தலை அழுக்குற்றவுடன் பிழைகள் பெருகும். ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட மிதமான வெப்பத்திற் பல மணி நேரம் வைப்பின், நாடா தற்காலிகமாக இயங்கும் நிலையை அடைகின்றது. அம்பெக்ஸ் நிறுவனம் இம்முறைக்கு 1993 இற் காப்புரிமை பெற்றது. இது நிரந்தரப் பரிகாரமன்று. கிடைக்கும் குறுகிய காலத்துள் முழுவதையும் படியெடுத்துவிடல் வேண்டும். மேலும், இதே வெப்பம் பழைய செலுலோசு அசற்றேற்று நாடாக்களுக்குப் பெருங்கேடு விளைப்பதாகும். நோய் எதுவென்று அறியாது செய்யும் மருத்துவம் நோயினுங் கொடிது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாம்.

பொறியின்பாற் பிழை எழும் வகை இதனினும் நுட்பமானது. வாசிப்புத் தலை நாடாவுக்குச் செங்குத்தாக நில்லாது சிறிது சாய்ந்திருப்பின், ஒரே எழுத்துக்குரிய குறிகள் வெவ்வேறு கணங்களில் வந்து சேரும். தலை சாய்ந்த பொறி தான் எழுதியதைத் தானே குறைவின்றி வாசிக்கும். ஏனெனில் எழுத்தும் வாசிப்பும் ஒரே சாய்வுடையன. அந்நாடாவை வேறொரு பொறியில் இடும்பொழுதுதான் பிழை தோன்றும். அப்பொறியின் தலையைச் செம்மைப்படுத்தியபின், முன்னர் எழுதிய நாடாக்கள் யாவும் அதே பொறியாலும் வாசிக்கப்படாது போதலும் உண்டு. இங்கே நாடாவும் பழுதன்று. வாசிக்கும் பொறியும் பழுதன்று. பிழை பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய வேளையிலேயே பிறந்துவிட்டது. கையெழுத்தின் வழக்கத்தை அறிந்தவனே அச்சுவடியைப் படிக்க வல்லவன் என்பது போல, எழுதிய பொறியின் சாய்வுக்கேற்ப வாசிக்கும் தலையைச் சரிக்கும் கைவல்லோனே இத்தகைய நாடாவை மீட்க வல்லவன்.

மூன்றாவது களமாகிய அறிவின் இன்றியமையாமையைச் சந்திர ஆய்வுப் பதிவுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்கா லூனர் ஓபிற்றர் என்னும் பெயருடைய ஐந்து கலங்களைச் சந்திரனைச் சுற்றிவர அனுப்பிற்று. மனிதர் இறங்குதற்கேற்ற இடங்களைத் தெரிவதே அவற்றின் முதன்மை நோக்கம். கலத்தினுள்ளேயே படச்சுருள் கழுவப்பட்டு, ஒளிப்புள்ளியால் வருடப்பட்டு, அலைக்குறியாகப் புவிக்கு அனுப்பப்பட்டது. அக்குறிகள் அம்பெக்ஸ் எப். ஆர். 900 என்னும் பொறிகளால் இரண்டங்குல அகல நாடாக்களிற் பதியப்பட்டன. அக்காலத்து ஆய்வாளர் பயன்படுத்தியவை படச்சுருளிற் பெயர்த்தெடுத்த பிரதிகளேயாம். நாடாவிலிருந்த ஒளி நிழல் நுட்பங்கள் அப்பிரதிகளில் முழுமையாக இடம்பெறவில்லை.

1980களில் ஏறத்தாழ 1500 நாடாக்கள் கலிபோர்னியாவிலுள்ள ஜெற் உந்து ஆய்வுகூடத்தைச் சேர்ந்த நான்சி எவன்ஸ் என்பாரின் பொறுப்பில் வந்தன. அவற்றைப் பேணல் வேண்டும் என்று அவர் துணிந்தார். நாடாக்களை மட்டும் காத்தாற் பயனில்லை என்பதை உணர்ந்து, விமானப்படையின் கழிவுப் பொருள்களாயிருந்த எப். ஆர். 900 பொறிகள் நான்கினையும் பெற்று வைத்தார். மீட்பு முயற்சி நிதியின்மையாற் கைகூடாதபொழுது, அப்பொறிகளைத் தமது இல்லத்திலேயே வைத்துக் காத்தார். 2007 இல் டெனிஸ் விங்கோ, கீத் கௌவிங் ஆகியோர் இப்பணியை முன்னெடுத்தனர். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலைய வளாகத்திற் கைவிடப்பட்டிருந்ததோர் உணவுச்சாலைக் கட்டடம் அவர்களுக்குப் பணிமனையாயிற்று.

அவர்கள் எதிர்கொண்ட இடர்கள் நம் கருத்தைத் தெளிவாக்குகின்றன. நாடாக்கள் பெரும்பாலும் நன்னிலையில் இருந்தன. பொறிகளோ இயங்கவில்லை, சுழலும் தலைகள் தேய்ந்திருந்தன, உதிரி உறுப்புக்கள் அரிதாயிருந்தன. எஞ்சிய பொறிகளின் உறுப்புக்களைக் கொண்டு ஒரு பொறியை இயக்கிய பின்னரும், அலைக்குறியிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும் சுற்று கிடைக்கவில்லை. பழைய ஆவணங்களைத் தேடிப் பெற்று, அவற்றின் துணைகொண்டு அச்சுற்று மீள ஆக்கப்பட்டது. பொறியைப் பழுதுபார்த்துப் பழகிய மூத்தோரின் அனுபவமும் வேண்டப்பட்டது. 1966 ஆகத்து 23 ஆந் திகதி சந்திரனின் விளிம்புக்கப்பால் புவி தோன்றுமாறு எடுக்கப்பட்ட படம், 2008 நவம்பரில் முன்னெப்பொழுதும் காணாத தெளிவோடு வெளியிடப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் நாடா தன் சொல்லைக் காத்திருந்தது. கேட்கும் செவியே இல்லாதிருந்தது.

சந்திரப் புழுதியை அளந்த கருவிகளின் தரவுகளும் இதனையொத்த நிலையை அடைந்தன. மூலநாடாக்கள் அமெரிக்காவிற் கைக்கெட்டாது போயினமை 2006 இல் தெரியவந்தபொழுது, அக்கருவியை வகுத்த அவுஸ்திரேலியப் பௌதிகவியலாளர் பிறையன் ஓபிறையன் தம்மிடம் 173 நாடாக்களின் படிகள் உள்ளமையை அறிவித்தார். அவற்றை வாசித்தற்கு அவுஸ்திரேலியக் கணனி அருங்காட்சியகச் சங்கத்திடமிருந்து பழைய ஐ. பி. எம். 729 பொறியொன்று இரவலாகப் பெறப்பட்டது. மூலம் போயினும் படி எஞ்சிற்று. படி எஞ்சியும் பொறியைத் தேடவேண்டியதாயிற்று.

இவற்றுக்கு மாறானது அப்பலோ 11 நாடாக்களின் கதை. 1969 யூலையிற் சந்திரனிலிருந்து வந்த மூல ஒளிக்காட்சிக் குறிகள் நில நிலையங்களில் ஓரங்குல நாடாக்களிற் பதியப்பட்டன. தொலைக்காட்சியில் உலகம் கண்ட படத்தினும் அவை தெளிவுமிக்கன. அந்நாடாக்கள் அழிக்கப்பட்டு மீளப் பயன்படுத்தப்பட்டிருத்தல் கூடும் என்பதே நாசா 2009 இல் வெளியிட்ட ஆய்வின் முடிவாகும். நாடாத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் எழுதிய நாடா வெற்று நாடாவாகவே மதிக்கப்பட்டது. இங்கே வாசிப்புப் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. திருத்துதற்குப் பிழைகூட எஞ்சவில்லை.

நாடா பழங்காலத்துப் பொருளென்று ஒதுக்கத்தக்கதுமன்று. 2011 பெப்ரவரியில் மென்பொருட் குறையொன்றினால் கூகிள் மின்னஞ்சலில் ஒரு சிறு பகுதியினரது கடிதங்கள் பல படிகளிலும் ஒருங்கே மறைந்தன. அவை மீட்கப்பட்டமை நாடாவிலிருந்தேயாம். இணைப்பறுந்து தனித்துக் கிடந்தமையால் மென்பொருளின் குறை நாடாவைத் தீண்டவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து மீட்பு முறைக்குரிய ஒழுங்கு ஒன்று பெறப்படுகின்றது. நாடாவில் எதுவும் எழுதப்படாதவாறு முதலில் அதனைக் காப்பிடல் வேண்டும். பின்னர் தலையையும் நாடா செல்லும் வழியையும் துப்புரவு செய்து, பிழையில்லாத நாடாவொன்றை இட்டுப் பொறியைச் சோதித்தல் வேண்டும். அதன்பின்னரே ஐயத்துக்குரிய நாடாவை இடல் தகும். பிழை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எழுமாயின் நாடாவையும், இடம் மாறி எழுமாயின் பொறியையும் முதலில் ஐயுறலாம். வேறு பொறியில் இட்டுப் பார்த்தலும், பதிவின் நெருக்கமும் தொகுதியளவும் சரியாகக் கொள்ளப்பட்டனவா என நோக்கலும் அடுத்த படிகளாம். வாசிக்க இயலாத தொகுதியைத் தாண்டி எஞ்சியவற்றைப் படியெடுத்து, விடுபட்ட இடத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். விடுபட்டதைக் குறியாது இணைத்துவிடும் படி, சிதைந்த பாடத்தை மறைத்துப் பதிப்பிக்கும் பதிப்பினை ஒக்கும்.

தொகுத்து நோக்குமிடத்து, நாடாவின் முதுமையே வாசிப்புப் பிழைக்குக் காரணமென்னும் கருத்து ஒரு பகுதி மட்டுமே பொருந்துவது என்பது புலனாகும். நாம் கண்ட சந்திரப் பதிவுகளில் நாடாவின் நலிவினும் பொறியின் மறைவும் அறிவின் மறைவுமே பெருந்தடைகளாயின. பிழையைத் திருத்தும் கணிதம் அரை நூற்றாண்டிற் பெரிதும் வளர்ந்தது. ஆயின் அக்கணிதத்தை இயக்கும் பொறியையும், அதன் விளக்க ஏட்டையும், அதனைக் கையாண்ட தொழில்வல்லோரின் அனுபவத்தையும் பேணுதற்கு ஒத்த முயற்சி நடைபெறவில்லை. நான்சி எவன்ஸ் பொறிகளையும் காத்தமையாலேயே நாடாக்கள் பயன்பட்டன. நாடாவைப் பேழையில் வைத்து எண்ணிட்டு அடுக்குவதோடு காப்பாளனின் கடமை முடிவதில்லை. குறித்த கால இடைவெளியில் அதனை வாசித்துப் பார்த்து, புதிய நாடாவிற்குப் பெயர்த்து, அமைப்பு விளக்கத்தையும் உடன்வைத்தலே காப்பெனப்படும். வாசித்துப் பாராத படி, படியென்னும் பெயருக்கு உரியதன்று என்பது இவ்வரலாறு தரும் முடிபாகும்.