மூளைக் கட்டியும் நீர்க்கட்டியும்: அந்தமான் நிகோபார்த் தீவுகளில் நோயறிதலும் சிகிச்சையும்

மண்டையோட்டுக்குள் மூளைத் திசுவிலோ, அதைப் போர்த்திய உறைகளிலோ, நரம்புகளிலோ, பிட்யூட்டரிச் சுரப்பியிலோ உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதால் உண்டாவது மூளைக் கட்டி. திரவம் நிறைந்த பையாக அமைவது நீர்க்கட்டி. இரண்டுமே ‘தலையில் கட்டி’ என்ற ஒரே சொல்லால் வீட்டாரின் செவியை எட்டுவதால் ஒரே பீதியை விளைவிக்கின்றனவாயினும், அவற்றின் இயல்பும் முடிவும் பெரிதும் வேறானவை. கடல் கடந்தே விசேஷ சிகிச்சை பெற வேண்டிய தீவுவாசிக்கு இவ்வேறுபாட்டை அறிவது மிக அவசியம். புறப்படுவதற்கு எத்தனை அவகாசம் உண்டென்பதை நிர்ணயிப்பது அதுவே.

வகைகள்: மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளரும் சாதுவான கட்டி. மூளைத் திசுவில் தோன்றும் கிளையோமா 1 முதல் 4 வரை தரம் பிரிக்கப்படுகிறது. நான்காம் தரத்ததாகிய கிளையோபிளாஸ்டோமா கொடியது. அரக்னாய்டு நீர்க்கட்டி பிறவியிலேயே அமைந்து, வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பெரும்பாலும் தற்செயலாகத் தென்படுவது. பலருக்கு அதைக் கண்காணித்து வருவதே போதுமானது. மூன்றாம் மூளையறையில் உண்டாகும் கொலாய்டு நீர்க்கட்டியோ, அளவில் சிறியதாயினும் மூளைநீரின் பாதையைத் திடீரென அடைத்து உயிருக்கே அபாயம் விளைவிக்கக்கூடும்.

நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான உணவு, நீர் வழியாக உட்புகுந்து, அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் மூளையில் கூடு கட்டுவதும் உண்டு. புலால் உண்ணாதாரும் இதற்கு விலக்கல்லர். வலிப்போடு வந்த இந்திய நோயாளிகளின் ஸ்கேனில் தெரிந்த சிறிய ஒற்றைக் கட்டிகள் காசநோயால் விளைந்தவையென்றே முன்பு கருதப்பட்டு வந்திருக்க, அவற்றுள் பல இப்புழுக்கூடுகளே என்பதை வேலூர் மருத்துவர்கள் 1989இல் லான்செட் இதழில் எடுத்துக்காட்டினர். அத்தகைய கட்டி பெரும்பாலும் அறுவையின்றியே மறைந்துவிடும். ஆகவே, ஸ்கேன் அறிக்கையின் முதல் வரியையே முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அறிகுறிகள்: விடியற்காலையில் மிகும் தலைவலி, அதனோடு வாந்தி, வயது வந்தபின் முதன்முறையாக வரும் வலிப்பு, இரட்டைப் பார்வை, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, நடையில் தள்ளாட்டம், சுபாவத்தில் மாறுதல் ஆகியவை முக்கியமானவை. தலைவலிகளுள் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருவன அல்ல. எனினும் நாளுக்கு நாள் மிகும் வலியை அசட்டை செய்தல் தகாது.

தீவுகளின் நிலை: 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.8 லட்சம் மக்கள் வாழும் இத்தீவுகளின் தலைமை மருத்துவமனை, 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையாகும். கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பே அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. காம்ப்பெல் பேயிலிருந்து வரும் நோயாளிக்குக் கப்பலும் ஹெலிகாப்டருமே கதி, அவையும் பருவமழைக் காலத்தில் வானிலையின் தயவில் உள்ளவை. போர்ட் பிளேயரிலிருந்து சென்னை கடல்வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் அளவு, விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இத்தூரத்தைச் சுருக்கவே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பந்த் மருத்துவமனை செயற்கைக்கோள் வழியாகச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிளும் வந்தது.

மெயின்லாந்துச் சிகிச்சை: இந்தியாவில் நவீன நரம்பறுவை மருத்துவம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியாலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பா. ராமமூர்த்தியாலும் வேரூன்றியது. தீவு மக்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழராதலால், அவர்களுள் பலருக்குச் சென்னையும் வேலூரும் மொழியாலும் உறவாலும் அந்நியமல்லாத ஊர்கள்.

புறப்படுமுன் ரெஃபரல் கடிதம், ஸ்கேன் பிலிம்களோடு அவற்றின் குறுந்தகடு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ள வேண்டும். திசுப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் கண்ணாடித் தகடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். விமானப் பிரயாணத்துக்கு உடல்நிலை தகுதியுள்ளதா என்பதை மருத்துவரே கூற வேண்டும். வலிப்பு மாத்திரையைப் பெட்டியில் வைத்து அனுப்பாமல் கைப்பையிலேயே வைத்திருத்தல் நலம். கிளையோபிளாஸ்டோமாவுக்குரிய கதிர்வீச்சு வழக்கமாக ஆறு வாரங்களில் 30 தவணைகளாக அளிக்கப்படுவதால், உடன்வருவோரின் தங்குமிடத்தையும் செலவையும் முன்கூட்டியே சிந்திப்பது விவேகம். மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவைக்குப்பின் உள்ளே காற்று சிறிது தங்கக்கூடுமாதலால், மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானம் ஏறலாகாது. ஸ்டீராய்டு மருந்தையோ வலிப்பு மாத்திரையையோ தாமாக நிறுத்துவது ஆபத்து.

மனநிலை: நோயாளியிடம் உண்மையை மறைப்பது அன்பினால் செய்யப்படும் வழக்கமேயாயினும், அதனால் அவர் தனிமையில் அஞ்சுகிறார். இது எவ்வகையெனச் சந்தேகிக்கப்படுகிறது, எத்தனை நாள் காத்திருக்கலாம், காத்திருக்கும்போது எந்த அறிகுறி தோன்றினால் உடனே வரவேண்டும் என்னும் மூன்று கேள்விகளையும் நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் சேர்ந்தே கேட்டு, விடைகளை எழுதிக்கொள்வது அச்சத்தைச் செயலாக மாற்றும். நேர்த்திக்கடனும் பிரார்த்தனையும் மனத்துக்குத் தைரியம் தருவனவே. அவற்றுக்காகப் பிரயாணத்தைத் தள்ளிப்போடாதிருந்தால் போதும். கண்காணித்தால் போதுமென்று கூறப்பட்டவர் கலங்க வேண்டியதில்லை. ஆனால் தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் சேர்ந்து கண்டவர், அடுத்த கப்பலுக்கென்று காத்திராமல், அன்றே அருகிலுள்ள மருத்துவமனையை அடைதல் வேண்டும்.