பேர்ட் (திசைவிப்பு மென்பொருள்)

பேர்ட் என்பது லினக்சு, ஃப்ரீபிஎஸ்டி முதலிய யுனிக்சு வகை இயக்குதளங்களின் பின்னணியில் இயங்கி, ஒரு சாதாரணக் கணினியைத் திசைவியாகச் செயற்பட வைக்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும். "பேர்ட் இன்டர்நெட் ரூட்டிங் டீமன்" என்னும் தொடரின் சுருக்கமே இப்பெயர். சுருக்கமே தன் விரிவின் முதற்சொல்லாகவும் அமைவதால், குனூவைப் போல இதுவும் தன்னையே சுட்டும் பெயராகும். இது குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது.

ஒரு பொதி எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதைத் திசைவியிலுள்ள வழி அட்டவணை தீர்மானிக்கிறது. சிறிய வலையமைப்பில் இவ்வட்டவணையைக் கையால் எழுதிவிடலாம். திசைவிகள் பெருகும்போதும், இணைப்புகள் அறுந்து மீளும்போதும் அது இயலாது. அப்போது திசைவிகள் தாமே தமக்குள் செய்தி பரிமாறி அட்டவணையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதுவே இயங்குநிலைத் திசைவிப்பு எனப்படுகிறது. பேர்ட் செய்வது இப்பணியைத்தான். பொதிகளை அது தொடுவதே இல்லை. அவற்றை அனுப்புவது இயக்குதளத்தின் கருனியின் வேலை.

வரலாறு

பேர்ட் 1990களின் இறுதியில் பிராகா நகரிலுள்ள சார்லசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டப்பணியாகத் தொடங்கியது. பின்னர் செக் நாட்டின் உயர்நிலை ஆள்களப் பெயரை நிருவகிக்கும் சிஇசட்.நிக் அமைப்பு இதன் வளர்ச்சிப் பொறுப்பை ஏற்றது. முதற்பதிப்பு வரிசையில் ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என இரு தனி நிரல்களை இயக்க வேண்டியிருந்தது. 2017 இல் வெளிவந்த 2.0 பதிப்பு இரண்டையும் ஒரே நிரலாக்கியது. 2024 இல் வெளிவந்த 3.0 பதிப்பு பல இழைகளில் இயங்கக்கூடியது.

இதே துறையில் ஜீப்ரா, அதிலிருந்து கிளைத்த குவாகா, குவாகாவிலிருந்து 2017 இல் கிளைத்த எஃப்ஆர்ஆர் என்றொரு மரபும் உண்டு. (குவாகா என்பது தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து அற்றுப்போன வரிக்குதிரை வகை. அவ்வினத்தின் கடைசி விலங்கு 1883 இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது.) அம்மரபில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் ஒரு தனி நிரல் உண்டு. பேர்ட்டில் எல்லாம் ஒரே நிரலுக்குள் அடங்கும். இலண்டன், பிராங்க்ஃபர்ட் போன்ற நகரங்களின் பெரிய இணையப் பரிமாற்றகங்களில் வழிகளைப் பகிர்ந்தளிக்கும் பணியில் பேர்ட் பயன்படுகிறது.

இயங்கும் முறை

பேர்ட்டின் நடுவே வழி அட்டவணைகள் உள்ளன. ஐபிவி4-க்கு "மாஸ்டர்4", ஐபிவி6-க்கு "மாஸ்டர்6" என்பன இயல்பாக அமையும் அட்டவணைகள். ஒவ்வொரு நெறிமுறையும் ஒரு கால்வாய் மூலம் அட்டவணையுடன் இணைகிறது. நெறிமுறையிலிருந்து அட்டவணைக்குள் வருவது இறக்குமதி. அட்டவணையிலிருந்து நெறிமுறைக்குச் செல்வது ஏற்றுமதி. இரு திசைகளிலும் ஒரு வடிகட்டி நிற்கிறது.

இங்கே "ஏற்றுமதி" என்பதை எப்போதும் அட்டவணையின் பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும். கருனியும் பேர்ட்டுக்கு ஒரு நெறிமுறைதான். அதற்கான ஏற்றுமதி இயல்பாக மூடப்பட்டிருக்கும். எனவே புதிதாக நிறுவுவோர் பலரும் ஒரு விந்தையைக் காண்பர். "ஷோ ரூட்" என்னும் கட்டளை எல்லா வழிகளையும் காட்டும். ஆனால் ஒரு பொதியும் போய்ச்சேராது. கற்ற வழிகள் பேர்ட்டின் அட்டவணையிலேயே தங்கி, கருனிக்கு ஏற்றுமதியாகாததே காரணம். கருனி நெறிமுறையின் ஐபிவி6 கால்வாயில் ஏற்றுமதியைத் திறந்தால் இது தீரும்.

ஐபிவி6 வலையமைப்பில் தொடக்க அமைவு

முதலில், கணினி பொதிகளை ஒரு முகப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துமாறு லினக்சுக் கருனியில் அனுமதி தர வேண்டும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கடத்தலை இயக்கியவுடன் கருனி தன்னைத் திசைவியாகக் கருதி, பிற திசைவிகள் ஒலிபரப்பும் திசைவி அறிவிப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். அவற்றால் கிடைத்த இயல்பு வழியும் நீங்கும். தொலைவிலிருந்து கணினியை அமைப்பவருக்கு இணைப்பு அப்போதே அறுந்துபோகலாம். அறிவிப்பு ஏற்பதற்குரிய கருனி மாறியின் மதிப்பை முன்கூட்டியே 1-லிருந்து 2 ஆக மாற்றுவதே வழி.

அடுத்தது திசைவி அடையாள எண். ஐபிவி6 முகவரி 128 பிட் நீளமுள்ளது. ஆனால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி ஆகிய நெறிமுறைகள் திசைவியை அடையாளம் காணப் பயன்படுத்துவது இன்றும் 32 பிட் எண்தான். அதை ஐபிவி4 முகவரி போல நான்கு பகுதிகளாக எழுதுவதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. அது முகவரி அன்று, பெயர் மட்டுமே. கணினியில் ஐபிவி4 முகவரி இருந்தால் பேர்ட் அதிலிருந்து இவ்வெண்ணை எடுத்துக்கொள்ளும். ஐபிவி6 மட்டுமுள்ள வலையமைப்பில் எடுக்க ஏதுமில்லை என்பதால், அமைவடிவக் கோப்பில் இதனை எழுதாவிடில் பேர்ட் தொடங்கவே மறுக்கும். எண் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் வலையமைப்பில் வேறெந்தத் திசைவிக்கும் அதே எண் இருத்தல் ஆகாது.

உள் வலையமைப்பு

ஒரே நிருவாகத்தின் கீழுள்ள திசைவிகளுக்கிடையே பெரும்பாலும் ஓஎஸ்பிஎஃப் பயன்படுகிறது. ஐபிவி6-க்கு அதன் மூன்றாம் பதிப்பு உரியது; இது 1999 இல் வரையறுக்கப்பட்டு 2008 இல் ஆர்எஃப்சி 5340 ஆகத் திருத்தப்பட்டது. ரிப் நெறிமுறைக்கும் ஐபிவி6 வடிவம் உண்டு என்றாலும், 15 தாவல்களுக்கு மேற்பட்ட தொலைவை அது அடைய முடியாததாகவே கொள்ளும். புதிய வலையமைப்புக்கு அதைத் தெரிவு செய்யக் காரணம் அரிது.

ஓஎஸ்பிஎஃப் மூன்றாம் பதிப்பில் அண்டைத் திசைவிகள் எஃப்இ80 என்று தொடங்கும் இணைப்புநிலை முகவரிகளால் பேசிக்கொள்கின்றன. அட்டவணையில் அடுத்த தாவலாகத் தோன்றுவதும் அவையே. ஒரே இணைப்புநிலை முகவரி இரு வேறு முகப்புகளில் இருக்கக்கூடும் என்பதால், முகப்பின் பெயர் சேராத இணைப்புநிலை முகவரிக்குப் பொருளில்லை. பயனர் கணினிகள் மட்டுமுள்ள முகப்பை "ஸ்டப்" என்று குறிக்க வேண்டும். அவ்வாறு செய்தால் அதன் முகவரித் தொகுதி மற்றத் திசைவிகளுக்கு அறிவிக்கப்படும். ஆனால் அம்முகப்பில் யாரும் அண்டைத் திசைவியாக நுழைய முடியாது.

அண்டை உறவு ஏற்படாதபோது பார்க்க வேண்டியவை இரண்டு. ஓஎஸ்பிஎஃப் டிசிபியையோ யூடிபியையோ பயன்படுத்துவதில்லை. நெறிமுறை எண் 89 ஆக நேரடியாகச் செல்கிறது. தீயரண் அதைத் தடுத்தால் அண்டைத் திசைவி தென்படாது. அண்டை தென்பட்டும் உறவு பாதியில் நின்றால், இரு முனைகளிலும் பொதியின் உச்ச அளவு வேறுபடுகிறதா என்று நோக்க வேண்டும்.

வெளி வலையமைப்பு: பிஜிபியும் வடிகட்டிகளும்

தன்னாட்சி அமைப்புகளுக்கிடையே வழிகளைப் பரிமாறுவது எல்லை நுழைவாயில் நெறிமுறை எனப்படும் பிஜிபி ஆகும். இங்கு எழுதப்படும் ஒரு வரி முன்பின் அறியாதவர்களையும் பாதிக்கும்.

ஒரு நிறுவனத்துக்கு 2001:டிபி8:1::/48 என்னும் தொகுதி உள்ளதாகக் கொள்வோம். (2001:டிபி8::/32 விளக்கங்களுக்கென 2004 இல் ஒதுக்கப்பட்டது, உண்மை வலையமைப்பில் வராது.) இதனை அறிவிக்க, முழுத் தொகுதிக்கும் "சென்றடைய இயலாது" என்று குறித்த ஒரு நிலையான வழியை எழுதி, அதைப் பிஜிபிக்கு ஏற்றுமதி செய்வது வழக்கம். தொகுதியின் பயன்படும் பகுதிகளுக்கு உள்ளே நீளமான, அதாவது நுட்பமான வழிகள் இருக்கும்; அவையே வெல்லும். பயன்படாத பகுதிக்கு வரும் பொதிகள் மேல்நிலை வழங்குநருக்கும் நமக்குமிடையே பந்தாடப்படாமல் இங்கேயே கைவிடப்படும்.

ஆனால் இதே இயக்கம்தான் 24 பெப்ரவரி 2008 இல் உலகெங்கும் யூடியூபை முடக்கியது. நாட்டுக்குள் அத்தளத்தைத் தடுக்குமாறு பாக்கித்தான் அரசு ஆணையிட்டதால், பாக்கித்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்னும் தொகுதிக்கு உள்ளே ஒரு வெற்று வழியை அமைத்தது. அது பிஜிபி வழியே வெளியே கசிந்தது. மேல்நிலை வழங்குநரான பிசிசிடபிள்யூ அதனை வடிகட்டாமல் உலகுக்குக் கடத்தியது. யூடியூப் அறிவித்திருந்தது /22. கசிந்தது அதைவிட நுட்பமான /24. ஆகவே திசைவிகள் கசிந்ததையே நம்பின. நிலைமை சீராக ஏறத்தாழ 2 மணி நேரம் ஆயிற்று. ஏற்றுமதியில் ஒரு வடிகட்டியோ, வழங்குநரின் இறக்குமதியில் ஒரு வடிகட்டியோ இருந்திருந்தால் அது நாட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். ஐபிவி6-இலும் நுட்பமான வழியே வெல்லும் என்பதால் நிலைமை வேறன்று.

2017 இல் வெளியான ஆர்எஃப்சி 8212, வடிகட்டி குறிப்பிடப்படாத வெளிப் பிஜிபி உறவில் எந்த வழியும் பரிமாறப்படக் கூடாது என்கிறது. பேர்ட்டின் இரண்டாம் பதிப்பு வரிசை இதில் கண்டிப்பானது. கொள்கை எழுதப்படாத அமைவடிவத்தையே அது ஏற்காது. இக்கண்டிப்பைத் தவிர்க்க இரு திசைகளிலும் "எல்லாம்" என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அது பூட்டை வாங்கித் திறந்தே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

வடிகட்டிகள் ஒரு சிறு நிரல்மொழியில் எழுதப்படுகின்றன. (இம்மொழியால் இன்னும் மின்னஞ்சல் படிக்க இயலாது என்று பேர்ட்டின் ஆவணமே வேடிக்கையாகக் கூறுகிறது.) ஏற்றுமதியில் சொந்தத் தொகுதியை மட்டும் பெயர் சொல்லி ஏற்று, மற்ற அனைத்தையும் மறுப்பது போதும். இரு வழங்குநர்களுடன் இணைந்துள்ள நிறுவனம் இதைச் செய்யாவிடில், ஒருவரிடம் கற்ற வழிகளை மற்றவருக்கு அறிவித்து, இருவருக்கும் இடையிலான போக்குவரத்தைத் தன் சிறிய இணைப்பில் இழுத்துக்கொள்ளும். இறக்குமதியில் சொந்தத் தொகுதி, இணைப்புநிலை முகவரிகள், எஃப்சி00::/7 என்னும் தனிப்பயன் முகவரிகள், விளக்கத் தொகுதி, /48-ஐ விட நுட்பமான தொகுதிகள் ஆகியவற்றை மறுப்பது வழக்கம். ஏற்கும் வழிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் இட வேண்டும். வரம்பு மீறினால் பேர்ட் அவ்வுறவைத் தானே துண்டித்துவிடும்.

ஆர்பிகேஐ சான்றுகளைக் கொண்டு, ஒரு தொகுதியை அறிவிக்கும் தன்னாட்சி அமைப்பு அதற்கு உரிமையுடையதா என்றும் சோதிக்கலாம். 2008 நிகழ்வு போன்ற பொய்த் தோற்றுவாய்களை இது பிடிக்கும். உரிய தோற்றுவாயுடன் தவறான பாதையில் கசியும் வழிகளை இது பிடிக்காது. எனவே வடிகட்டிகளுக்கு இது மாற்றாகாது.

அமைவடிவத்தை மாற்றுதல்

இயங்கும் பேர்ட்டை நிறுத்தாமலே அமைவடிவத்தை மாற்றலாம். "கான்ஃபிகர் செக்" என்னும் கட்டளை கோப்பின் இலக்கணத்தை மட்டும் சோதிக்கும். "கான்ஃபிகர் டைம்அவுட்" மாற்றத்தை நடைமுறைப்படுத்திக் காத்திருக்கும். 300 வினாடிகளுக்குள் "கான்ஃபிகர் கன்ஃபார்ம்" என்று உறுதிசெய்யாவிடில் பழைய அமைவடிவத்துக்குத் திரும்பிவிடும். தொலைவிலுள்ள திசைவியில் தன் இணைப்பைத் தானே வெட்டிக்கொண்டவருக்கு இதுவே மீட்பு. உறுதிசெய்வதற்கு முன், "ஷோ ரூட் எக்ஸ்போர்ட்" என்பதுடன் அண்டை உறவின் பெயரைச் சேர்த்துத் தட்டினால், அந்த அண்டைக்கு ஏற்றுமதியாகும் வழிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு தொகுதியை மட்டும் அறிவிக்கும் நிறுவனத்தின் திசைவியில் அப்பட்டியல் ஒரே வரியாக இருக்க வேண்டும்.