ஐந்து புலியூர்களும் ஒரு சிறுத்தையும்

2024 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு மயிலாடுதுறை செம்மங்குளம் பக்கம் ஒரு சிறுத்தை நடந்துபோனது கேமராவில் பதிவானது. கூண்டு, தானியங்கி கேமரா, ட்ரோன், பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஊரே அமர்க்களப்பட்டது. பத்து நாள் போவதற்குள் அரியலூர் மாவட்டம் செந்துறையில் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தது. செந்துறை நமக்கு ஒன்றும் தூரமில்லை. விருத்தாசலத்தில் திருச்சி பாசஞ்சர் ஏறினால் பெண்ணாடம் தாண்டி, அரியலூருக்கு முன்னால் வரும் ஸ்டேஷன். "காட்டு மிருகத்துக்கு இந்தச் சமவெளியில் என்ன வேலை?" என்று பலரும் என்னிடம் கேட்டார்கள்.

கேட்டவர்களில் பாதிப் பேராவது ராஜேந்திரப்பட்டினம் கோயிலுக்குப் போய்வந்தவர்களாக இருப்பார்கள். ஜெயங்கொண்டம் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அதன் பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர்; கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்; இன்னும் ஓமாம்புலியூர், பெரும்புலியூர். ஐந்தும் சமவெளி ஊர்கள், ஒன்றில்கூட மலை கிடையாது. இவற்றைப் புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் வழிபட்ட தலங்கள் என்று புராணம் சொல்கிறது. வண்டு மொய்க்குமுன் பூப்பறிக்க மரமேற வேண்டும், அதற்காகப் புலியின் கைகால்களை வரமாகக் கேட்டாராம். மரமேறுவதில் சிறுத்தைக்கு முன்னால் பெரிய புலி நிற்க முடியாது. கதை கட்டியவர் மனத்தில் இருந்தது சிறுத்தைதான் என்பது என் ஊகம். ஊகம் எப்படியோ, புலி உலவாத நாட்டில் இத்தனை புலியூர் முளைத்திருக்காது.

பிறகு காடு கழனியாயிற்று, முந்திரிக்காடாயிற்று. வெள்ளைக்கார சர்க்கார் புலி, சிறுத்தை கொன்றவர்களுக்குச் சன்மானமும் கொடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் துப்பாக்கி கீழே இறங்கியது. 2018 கணக்கில் தமிழ்நாட்டுச் சிறுத்தைகள் 868; 2022இல் 1,070. இந்தியா முழுவதும் 13,874. இது காட்டுப் பகுதிகளில் எடுத்த கணக்கு. கரும்புக் கொல்லையில் குடியிருப்பவை இதில் சேரவில்லை.

கரும்பு என்றதும் மகாராஷ்டிரத்து ஜுன்னாரைச் சொல்லியாக வேண்டும். 2001இலிருந்து சில ஆண்டுகள் அங்கே கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். ஆள்மீது பாய்வது குறைய வேண்டுமல்லவா? கூடியது! வித்யா ஆத்ரேயா குழுவினர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பழகிய இடத்தில் ஆள் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழத் தெரிந்த பிராணியைத் தெரியாத இடத்தில் விட்டால் அது என்ன செய்யும்? "பிடித்துக் கொண்டுபோய் விடுங்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

நம் மணிமுத்தாறு கல்வராயன் மலையிலிருந்து வருகிறது. பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகை; இரவில் நடக்கும் மிருகத்துக்கு ராஜபாட்டை. மயிலாடுதுறையிலும் வனத்துறையினர் ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரமாகத்தான் தேடினார்கள். நாளை இங்கேயும் ஒன்று வரலாம். வந்தால் கம்போடு கூட்டம் கூடுவதைவிட, ஆட்டுப்பட்டியை இரவில் அடைப்பதும், கறிக்கடைக் கழிவை ஆற்றில் கொட்டாமல் இருப்பதும் உதவும். கழிவுக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

மயிலாடுதுறையில் அது அடித்தது ஆட்டைத்தான். ஆளைத் தொடவில்லை. கூண்டிலும் சிக்கவில்லை.