தோள்சீலைப் போராட்டம்



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நாம் நாள்தோறும் சொல்லும் பழமொழி. நல்ல சேலை உடுத்தித் திருவிழாவுக்குப் புறப்படும் பெண்ணை இன்று யாரும் வழிமறிப்பதில்லை. ஆனால், தோளில் ஒரு துணி போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் மறித்து, அடித்து, அந்தத் துணியைக் கிழித்தெறிந்த காலம் ஒன்று தமிழ் பேசும் மண்ணிலேயே இருந்தது. அந்தப் பெண்கள் பணிந்து போகவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு போராடினார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் அறிந்துகொள்ளப் போகிறோம்.

இது நடந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்தான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தது. அங்கே பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த மக்கள் ஏராளம். அக்காலத்தில் சாணார் என்று அழைக்கப்பட்ட இவர்களை இன்று நாடார் என்று அறிகிறோம். காலையும் மாலையும் பனை ஏறி, பாளை சீவி, பதநீர் இறக்குவது ஆண்களின் வேலை. அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்களின் வேலை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம் குடும்பங்களுக்கு அந்தப் பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உழைப்பு கடுமையாக இருந்தது. அதைவிடக் கடுமையாக இருந்தன சாதிக் கட்டுப்பாடுகள். அந்த மக்கள் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு அணியக் கூடாது. பொன் நகை பூணக் கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. 'ஊழியம்' என்ற பெயரில் அரசுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்கள் இடுப்புக்கு மேலே துணி அணியக் கூடாது.

இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்டில் மார்பைத் திறந்து நிற்பது, தன்னைவிட உயர்ந்தவர் முன் காட்டவேண்டிய மரியாதையாகக் கருதப்பட்டது. நாயர் பெண்கள்கூட நம்பூதிரிகள் முன் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது. சாதிப்படியில் கீழே இறங்க இறங்க, ஒரு பெண் யார் யார் முன் அப்படி நிற்க வேண்டும் என்ற பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஆகவே தோளில் கிடந்த துணி வெறும் துணியன்று. யார் மேல், யார் கீழ் என்பதைக் காட்டும் அடையாளமாக அது இருந்தது. பெண்ணின் உடலை வைத்தே ஊர் தன் சாதிக் கணக்கைப் பார்த்தது.

மாற்றம் எப்படித் தொடங்கியது? 1806ஆம் ஆண்டு முதல் ரிங்கல்தௌபே என்ற செர்மானியப் பாதிரியார் மயிலாடியில் சமயப்பணி செய்தார். பலர் கிறிஸ்தவத்தில் சேர்ந்தனர். பின்னர் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தோன்றின. 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். கைத்தொழில் வந்தது. கையில் சிறிது காசும் வந்தது. எழுத்தும் காசும் கைக்கு வந்த பெண், "நான் ஏன் இப்படி நிற்க வேண்டும்?" என்று கேட்பது இயல்புதானே?

1813ஆம் ஆண்டு, ஆங்கிலேய ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் மேலுடை அணியலாம் என்று ஆணையிட்டார். அரசவையினர் எதிர்த்தனர். முடிவில், 'குப்பாயம்' எனப்படும் தளர்வான சட்டையை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. இதைக் கவனியுங்கள். உடலை மறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் சமமாகத் தோன்ற அனுமதி இல்லை.

பெண்கள் இந்த அரைச் சலுகையோடு நின்றுவிடவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கும் ஆலயத்துக்கும் சென்றார்கள். 1822ஆம் ஆண்டு கல்குளம் பகுதியில் கலவரம் மூண்டது. பெண்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டார்கள். அவர்களுடைய துணிகள் கிழிக்கப்பட்டன. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1823இல் தீர்ப்பு வந்தது. ஆயினும் தீர்ப்பு ஏட்டில் இருந்தது, தடியோ எதிரிகளின் கையில் இருந்தது. 1827 முதல் மீண்டும் கலவரம். பள்ளிக்கூடங்களும் வழிபாட்டுக் கூடங்களும் எரிக்கப்பட்டன.

1829ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் ராணி கௌரி பார்வதி பாயின் பிரகடனம் வெளிவந்தது. ஆட்சியில் இருந்தவரும் ஒரு பெண்தான். ஆனால் தோள்சீலை அணியும் கோரிக்கை நியாயமற்றது என்று அந்தப் பிரகடனம் கூறியது. குப்பாயம் மட்டும் போதும் என்றது. ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக மற்ற நாள்களில் ஊழியம் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அரசு மறுத்துவிட்டது. பெண்களோ அணிவதை நிறுத்தவில்லை.

இக்காலத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. சாமித்தோப்பில் வைகுண்டர் (1809-1851), மதம் மாறாத மக்களிடையே தன்மான உணர்வை வளர்த்தார். ஆண்கள் தலைப்பாகை கட்டி இறைவனை வணங்கச் சொன்னார். எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வழி செய்தார். அடங்கிக் கிடந்த மக்கள் தலைநிமிரத் தொடங்கினர்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் பிரகடனம் இந்தியாவில் வாசிக்கப்பட்டது. அது தங்களுக்கு உரிமை தருகிறது என்று ஒரு தரப்பார் நம்பினர். பழைய வழக்கத்தைக் காக்கிறது என்று மறுதரப்பார் எடுத்துக்கொண்டனர். டிசம்பர் இறுதியில் திவான் மாதவராவ், பழைய விதியை மீறக் கூடாது என்று அறிவித்தார். உடனே மீண்டும் வன்முறை வெடித்தது. வீடுகள் கொள்ளையிடப்பட்டன. பெண்கள் தெருவில் மானபங்கம் செய்யப்பட்டார்கள். செய்தி சென்னைக்கு எட்டியது. ஆளுநர் சர் சார்லஸ் டிரெவிலியன் திருவிதாங்கூர் அரசைக் கண்டித்து நெருக்குதல் கொடுத்தார்.

1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் புதிய பிரகடனம் வெளியிட்டார். எந்தச் சமயத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் மார்பை மறைத்து உடுத்தலாம், குப்பாயமும் போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியும் சுற்றிக்கொள்ளலாம் என்று அது சொன்னது. அங்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது: உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது! பெண்கள் அந்தக் கடைசி வரியைப் பொருட்படுத்தவில்லை. விருப்பம்போல் உடுத்தத் தொடங்கினர். நாளடைவில் அந்த விதி செத்துப்போயிற்று.

1813 முதல் 1859 வரை நாற்பத்தாறு ஆண்டுகள். தாய் தொடங்கிய போராட்டத்தை மகள் தொடர்ந்தாள். பேத்திதான் பயனைக் கண்டாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான். திவான்கள், ஆளுநர்கள், பாதிரிமார்கள் ஆகியோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சந்தையில் அடிபட்ட பெண்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் துணியைத் தோளில் போடாமல் இருந்திருந்தால் வழக்கும் இல்லை, பிரகடனமும் இல்லை. பெண்கள் முன்னே நடந்தார்கள். சட்டம் பின்னால் வந்தது.

அந்தப் பொறி அங்கேயே அணைந்துவிடவில்லை. 1915ஆம் ஆண்டு கொல்லம் அருகே பெரிநாட்டில், கல்மணி மாலை மட்டுமே அணியலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்த புலையர் பெண்கள், அய்யன்காளியின் தலைமையில் அந்த மாலைகளை அறுத்தெறிந்தார்கள்.

கடலுக்கு அப்பால் நடந்த கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது, மூட்டை முடிச்சோடு சாதியும் வந்தது. சில தோட்டங்களில் லயங்கள்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. அதற்கு மேல் துரை, கிராணி, கங்காணி என்ற புதிய படிகளும் சேர்ந்தன. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கச் சொன்னார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலாளர்களும் அதிகாரிகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். குமரியில் குடையும் செருப்பும் தோள்சீலையும். கிள்ளானில் சைக்கிளும் பெண்ணின் மானமும். பொருள் வேறு, கேள்வி ஒன்றே.

இன்று பத்து பெரண்டாம் வட்டாரத்தில் தோட்டத்தைவிட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பெண்கள் பலர். அவர்களைக் காக்கச் சட்டங்கள் உண்டு. வீட்டில் நடக்கும் கொடுமைக்கு எதிராக 1994இலும், பாலியல் தொல்லைக்கு எதிராக 2022இலும் நம் நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் 1823இன் தீர்ப்பு நமக்குக் கற்பிப்பது என்ன? ஏட்டில் உள்ள சட்டம் தானாக எழுந்து வராது. பாதிக்கப்பட்ட பெண் வாய் திறக்க வேண்டும். அவள் பேசும்போது, "உனக்கு ஏன் இந்த வம்பு?" என்று கேட்காமல் பக்கத்து வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் சாட்சியாக நிற்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாகர்கோவிலில் இப்போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் அதில் கலந்துகொண்டார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2016இல், இந்தியாவின் நடுவண் பள்ளிக் கல்வி வாரியம் இந்த வரலாறு அடங்கிய பாடப்பகுதியை ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. ஆகவே எல்லாவற்றையும் பாடநூல் சொல்லிவிடும் என்று நாம் இருந்துவிட முடியாது.

பெற்றோர்களே, திருமணப் பேச்சில் சாதியை விசாரிக்கும் முன் இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் சொல்லுங்கள்.