மூன்று எண்களும் ஒரு வளைகோடும்

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்று, அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600. மற்றது, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6. ஒன்றின் கட்டையை அழுத்தினால் மற்றது ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி பிறந்திருந்தது. அதன் பெயர் மிடி. அதை முன்னெடுத்த டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ ககெஹாஷிக்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

மிடியின் வரலாறு பெரும்பாலும் இந்த இரு பெயர்களோடு தொடங்குகிறது. அவர்கள் பங்கை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓசையை எண்ணாக எழுதலாம் என்ற எண்ணம் அந்தக் கண்காட்சிக்கு மிக முந்தியது. அந்த நீண்ட வரலாற்றில் பெண்கள் இருக்கிறார்கள். எண்ணைக் கையாண்டவர்களாக மட்டுமல்ல, எண் எதை விட்டுவிடுகிறது என்று கேட்டவர்களாகவும் இருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கேபிளில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்வோம்.

கேபிளில் ஓசை போவதில்லை. கட்டளை போகிறது. பியானோவின் நடுக்கட்டையை மிதமாக அழுத்தினால் 144, 60, 64 என்ற மூன்று எண்கள் புறப்படும். 144 என்றால் ‘முதல் தடத்தில் ஒரு சுரத்தைத் தொடங்கு’. 60 என்பது எந்தச் சுரம் என்பது. 64 என்பது எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பது. விரலை எடுத்ததும் ‘நிறுத்து’ என்று இன்னொரு மூன்று எண்கள் போகும். நொடிக்கு 31,250 துணுக்குகள் ஓடும் அந்தப் பாதையில் ஒரு கட்டளை போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும்.

எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு நம் பழைய அளவைகளை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இந்த நான்கும் கையில் இருந்தால், எதையும் ஒருமுறைக்கு மேல் முகக்காமல், ஒன்று முதல் பதினைந்து ஆழாக்கு வரை அளந்துவிடலாம். பதினோரு ஆழாக்கு வேண்டுமா? படி உண்டு, உரி இல்லை, உழக்கு உண்டு, ஆழாக்கு உண்டு. உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 போட்டால் 1011. இதுதான் இரும எண். இப்படி எட்டு இடங்கள் சேர்ந்தது ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரை எழுதலாம்.

மிடி இந்த எட்டு இடங்களில் முதலாவதை அடையாளத்துக்காக ஒதுக்கிவிட்டது. அங்கே 1 இருந்தால் அது கட்டளை, 0 இருந்தால் அது தரவு. மீதமுள்ள ஏழு இடங்களில் 0 முதல் 127 வரைதான் அடங்கும். சுரங்கள் 128, விசையின் படிகள் 128 என்று மிடியில் எங்கும் அந்த எண் தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

சிந்தசைசர் கையேடுகள் இதே எண்களைப் பதினாறின் அடிமானத்தில் எழுதும். பதினாறு அணா ஒரு ரூபாய் என்று 1957 வரை கணக்கு வைத்திருந்த நாட்டுக்கு அது புதிதல்ல. 60 அணா என்றால் மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா. பத்து முதல் பதினைந்து வரை தனி இலக்கம் இல்லாததால் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளை வைத்தார்கள். பன்னிரண்டுக்கு சி. ஆக, 60 என்பது 3சி. 144 அணா ஒன்பது ரூபாய், 90 என்று எழுத வேண்டும். 64 அணா நான்கு ரூபாய், அது 40. கையேட்டில் 90, 3சி, 40 என்று இருந்தால் அது நாம் மேலே பார்த்த அதே மூன்று எண்கள்தான். படியும் உழக்கும் அணாவும் அடுக்களையில் அன்றாடம் பெண்கள் கையில் புழங்கியவை. அவர்களைப் பார்த்துத்தான் ‘கணக்கு வராது’ என்றும் சொல்லி வந்தோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட, ஆனால் கட்டி முடிக்கப்படாத பகுப்பாய்வு எந்திரத்தைப் பற்றி 1843இல் ஏடா லவ்லேஸ் குறிப்புகள் எழுதினார். அந்த எந்திரம் எண்களை மட்டும் கையாள வேண்டும் என்பதில்லை, சுரங்களுக்கு இடையேயான உறவுகளை அதற்கேற்ற குறிகளில் எழுத முடிந்தால் அது இசையும் இயற்றக்கூடும் என்பது அவர் கருத்து. எண் என்பது அளவு மட்டுமல்ல, வேறொன்றுக்குக் குறியாகவும் நிற்கும் என்ற புரிதல் அது. 60 என்ற எண் ஒரு சுரமாக நிற்பது அந்தப் புரிதலின் மேல்தான்.

டெலியா டெர்பிஷயர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்து 1959இல் பட்டம் பெற்றார். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்ற பதில் வந்தது. பின்னர் பிபிசியின் ரேடியோஃபோனிக் பணிமனையில் சேர்ந்தார். 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை உருவாக்கினார். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, ஒவ்வொரு சுரமாக நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டிச் செய்த வேலை அது. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை நொடிச் சுரத்துக்கு ஏழரை அங்குலம் வெட்ட வேண்டும். காலம் அங்குலமாகிறது, அங்குலம் எண்ணாகிறது. தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013இல். அவர் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே பணிமனையை 1958இல் தொடங்கியவர்களில் ஒருவர் டாஃப்னி ஓரம். மறு ஆண்டே அங்கிருந்து விலகி, கென்ட் வட்டாரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் தனக்கென ஒரு கூடம் அமைத்துக்கொண்டு, ‘ஓராமிக்ஸ்’ என்ற எந்திரத்தைக் கட்டத் தொடங்கினார். 35 மில்லிமீட்டர் படச்சுருள்கள் பத்து, ஒரே வேகத்தில் ஓடும். அவற்றின் மேல் இசைஞர் வரைய வேண்டும். ஒளியுணர் கருவிகள் அந்தக் கோடுகளைப் படித்து ஓசையாக்கும். சுருதியைப் புள்ளிகளால் குறிக்கலாம். ஆனால் ஒலி எப்படி எழுகிறது, எப்படித் தணிகிறது, எப்படி அதிர்கிறது என்பதற்கெல்லாம் வளைகோடு. ஒரு சுரத்துக்குத் தொடக்கமும் முடிவும் மட்டுமல்ல, இடையில் ஒரு வாழ்வும் உண்டு என்பதை அந்த எந்திரம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

மிடி அந்த இடைவாழ்வைச் சுருக்கிவிட்டது. பியானோவைப் போன்ற கட்டைகளை மனத்தில் வைத்து உருவான மொழி அது. எந்தக் கட்டை, எவ்வளவு விசை, எப்போது விட்டது என்பவை அதற்கு முதன்மை. மற்றவை துணைக் கட்டளைகள். கமகத்தை எடுத்துக்கொள்வோம். சுரத்தை வளைக்க மிடியில் தனிக் கட்டளை உண்டு. அதற்கு இரண்டு தரவு பைட்டுகளைச் சேர்த்து 16,384 படிகள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டளை தடம் முழுவதற்கும் உரியது. ஒரு தடத்தில் மூன்று சுரங்கள் ஒலித்துக்கொண்டிருந்தால் மூன்றும் சேர்ந்தே வளையும். ஒன்றை நிற்கவைத்து இன்னொன்றை மட்டும் அசைக்க வேண்டுமானால் தனித் தடம் ஒதுக்க வேண்டும். வீணையில் விரல் தந்தியை இழுப்பது அங்கே இயல்பு, இங்கே விதிவிலக்கு.

இதை யாருடைய சதி என்றும் சொல்ல வேண்டியதில்லை. மலிவான கருவிக்குள் அடங்க வேண்டும், எல்லா நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்ற நெருக்கடியில் எடுத்த முடிவு. ஆனால் முடிவு முடிவுதான். எதை எண்ணுவது, எதை விடுவது என்று யாரோ தீர்மானித்தார்கள். வீட்டுவேலை உற்பத்திக் கணக்கில் ஏறாததைப் பல ஆண்டுகளாகப் பேசிவரும் நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமல்ல.

அந்த முடிவை ஏற்காமல் வேலை செய்தவர்கள் உண்டு. 1968இல் ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ இசைத்தட்டின் மூலம் மூக் சிந்தசைசரைப் பரவலாக அறியச்செய்த வெண்டி கார்லோஸ், 1986இல் ‘பியூட்டி இன் தி பீஸ்ட்’ தொகுப்பில் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்த சுரவரிசையை விட்டு வெளியேறினார். ஆல்ஃபா, பீட்டா என்று தாமே கணக்கிட்டு வகுத்த வரிசைகளில் இசையமைத்தார். லாரி ஸ்பீகல் 1970களில் பெல் ஆய்வகத்தில் க்ரூவ் என்ற கணினி அமைப்பில் இசை செய்தவர். 1986இல் ‘மியூசிக் மவுஸ்’ என்ற நிரலை எழுதினார். மவுஸை நகர்த்தினால் இசைவான சுரங்களைக் கணினியே தேர்ந்து ஒலிக்கும். மிடி வழியாக வெளிக் கருவிகளையும் இயக்கும். கட்டையில் பயிற்சி இல்லாதவரும் கையசைவால் இசையை வழிநடத்த முடிந்தது.

இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எண்ணைக் கண்டு ஒதுங்கியவர்கள் அல்லர். அதன் உள்விதிகள் தெரிந்திருந்ததால்தான் அதன் எல்லையில் கைவைக்க முடிந்தது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 இதற்கு எதிர்ப்பக்கச் சான்று. அதில் புதிய ஒலியை உருவாக்குவது கடினமாக இருந்தது. அதனால் பெரும்பாலோர் நிறுவனம் நிரப்பிக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். 1980களின் எத்தனையோ பாட்டுகளில் ஒரே மின்பியானோ கேட்பது அதனால்தான். பிறர் அமைத்துக் கொடுத்த குரலில் பாடுவது என்னவென்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வந்தது. விசைக்கு 128 படிகள் இருந்த இடத்தில் இப்போது 65,536. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஓரம் கோட்டால் கேட்டவற்றில் சில, அறுபது ஆண்டுகள் கழித்து எண்ணாகியிருக்கின்றன. அடுத்து எதை எண்ணுவது என்ற பேச்சும் நடக்கத்தான் போகிறது. அந்த மேசையில் உட்கார, 90, 3சி, 40 என்ற வரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்க ஒரு மதியப் பொழுது போதும். ஆழாக்கிலிருந்து தொடங்கலாம்.