மூடச் சொன்னால் யார் கொடுப்பது?

லிவர்பூலில் லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செயின்ட் ஜான்ஸ் லேனில், 'டாக்டர் டங்கன்ஸ்' என்றொரு பப் உண்டு. முதுகலை படிக்க அந்த நகரத்துக்கு வந்த நாட்களில் பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறேன். டங்கன் யாரோ பழைய சாராய வியாபாரி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பிரிட்டனின் முதல் பொதுச் சுகாதார அதிகாரி என்பது 2020 அக்டோபரில்தான் தெரியவந்தது, ஊரில் பப்களை மூடுவது பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது.

அந்த மாதம் 12ஆம் தேதி பிரதமர் போரிஸ் ஜான்சன் இங்கிலாந்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது மிகக் கடுமையான அடுக்கில் இருந்தது ஒரே ஒரு பகுதி: ஆறு மாநகர சபைகள் சேர்ந்த லிவர்பூல் பிராந்தியம். சாப்பாடு பரிமாறாத பப்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், பந்தயக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. நகரில் வாரத்துக்கு லட்சம் பேரில் சுமார் 600 பேருக்குத் தொற்று இருந்தது.

பிராந்திய மேயர் ஸ்டீவ் ரோதரம், இளமையில் செங்கல் அடுக்கிய கொத்தனார். நகர மேயர் ஜோ ஆண்டர்சன். இருவரும் தொழிற்கட்சி. கன்சர்வேடிவ் அரசின் உத்தரவை ஆதரித்துப் பேசுவது அந்த ஊரில் எளிய காரியமல்ல. 1981 கலவரத்துக்குப் பின், லிவர்பூலுக்குப் பணம் கொட்டுவதைவிட அதை மெல்லத் தேயவிடலாமா என்று நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் யோசித்த கடிதம் 2011 இறுதியில் வெளியானது. ஊர் அதை மறக்கவில்லை.

இருந்தும் இருவரும் மக்கள் முன் நின்றார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: மருத்துவமனைகள் நிரம்புகின்றன, ஏதாவது செய்தே ஆகவேண்டும், நாங்கள் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அரசு இதைச் செய்யத்தான் போகிறது, ஆனால் வேலை இழப்பவர்களுக்குத் தரும் பணம் போதாது. தொற்றுத் தடமறிதலுக்கும் வணிகங்களுக்குமாக 44 மில்லியன் பவுண்ட் பெற்றார்கள். கட்டுப்பாடு தொடங்குவதற்கு முந்தைய இரவு கான்சர்ட் ஸ்கொயரில் இளைஞர் கூட்டம் ஆடித் தீர்த்தது. ஆண்டர்சன் அதைக் கண்டித்தார். அதே மாதம் அவருடைய அண்ணன் கொரோனாவால் இறந்தார்.

போதாத பணம் எவ்வளவு? மூடப்படும் இடங்களின் ஊழியருக்கு நவம்பர் 1 முதல் சம்பளத்தில் 67 சதவீதம் என்பது அரசின் திட்டம். மார்ச்சில், நாடு முழுவதும் முடங்கியபோது, அது 80 சதவீதம். அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்ட். வாரம் 40 மணி நேரம் பாத்திரம் கழுவுபவருக்கு 348 பவுண்ட். அதில் 80 சதவீதம் 279. 67 சதவீதம் 233. வாடகையோ முழு வாடகைதான். நான் அப்போது வீட்டிலிருந்து கணினியில் வேலை பார்த்தவன். ஒரு பென்னிகூடக் குறையவில்லை. மூடுவதே நியாயம் என்று நண்பர்களிடம் உரக்கப் பேசினேன். எனக்கு அது இலவச நியாயம்.

இங்கேதான் டங்கன் வருகிறார். லிவர்பூலிலேயே பிறந்த மருத்துவர். 1846இல் நகரம் தனக்கென்று ஒரு சுகாதாரச் சட்டத்தைப் பெற்றது. 1847 ஜனவரியில் அவர் பதவியேற்றார். அந்த ஆண்டு அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கூடவே டைஃபஸ் காய்ச்சலும் வந்தது. ஈரம் கசியும் நிலவறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தவர்களைச் சட்டப்படி வெளியேற்றினார்கள். மருத்துவக் காரணம் சரியானதே. ஆனால் வெளியேறியவர்களுக்கு மாற்று வீடு கிடையாது. அவர்கள் இன்னொரு நெரிசலுக்குள் போனார்கள். காலியான நிலவறைகளில் வேறு ஏழைகள் புகுந்தார்கள். சரியான உத்தரவும், கூடவே மாற்று வழி இல்லாவிட்டால், நோயை இடம் மாற்றிவிட்டு நின்றுவிடும்.

ரோதரம் 80 சதவீதம் கேட்டதை அரசியல் பேரம் என்றவர்கள் உண்டு. பக்கத்து மான்செஸ்டரில் மேயர் ஆண்டி பர்னமும் அதையேதான் கேட்டார், ஆனால் சம்மதிக்க மறுத்து. பேச்சு முறிந்து, அக்டோபர் 23 முதல் கட்டுப்பாடு திணிக்கப்பட்டது. ஒருவர் ஒப்புக்கொண்டு கேட்டார், மற்றவர் முரண்டுபிடித்துக் கேட்டார். இருவருக்கும் கிடைக்கவில்லை.

அக்டோபர் 31 மாலை, லண்டன் உட்பட இங்கிலாந்து முழுவதையும் முடக்கப்போவதாக ஜான்சன் அறிவித்தார். அன்றே 80 சதவீதம் திரும்ப வந்தது. 67 சதவீதத் திட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தது. அது தொடங்கவே இல்லை. வடக்கு மட்டும் மூடியபோது இல்லாத பணம், தெற்கும் மூடியபோது இருந்தது.

தொற்று குறைந்து, டிசம்பர் 2இல் லிவர்பூல் ஓர் அடுக்கு கீழே இறங்கியது. மான்செஸ்டர் மூன்றாம் அடுக்கிலேயே நின்றது. அதை வைத்து ரோதரம் வென்றார், பர்னம் தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் படுவது வேறு. அந்த மேயர்கள் மூடச் சொன்ன கதவுகளுக்குள் வேலை செய்தவர்கள் அவர்களுக்கு ஓட்டுப் போடுபவர்கள், மறுநாள் தெருவில் எதிரே வருபவர்கள். அதனால்தான் 'மூடு' என்று சொன்ன அதே மூச்சில் 'யார் கொடுப்பது?' என்றும் அவர்களால் கேட்க முடிந்தது. வீட்டிலிருந்தபடி உரக்கப் பேசிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.